அயலாருக்கு யார் பெயர் வைப்பது?

(ராஜ் கௌதமன் நினைவாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் புனைகதையில் வரும் நட்பான வேற்றுக்கிரகவாசிகளுக்குப் பெயர் வைப்பது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், அமைப்புத் தோழர்கள் சற்றுத் தயங்கினார்கள். நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு, உதவித்தொகை என்று பேச எவ்வளவோ இருக்கும்போது ஆகாயத்திலிருந்து இறங்கும் ஆளுக்குப் பெயர் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்த உரை முழுவதுமே அதற்கான பதில்.

ராஜ் கௌதமன் இந்த மண்ணின் மனிதர். வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் 1950இல் பிறந்தவர். புதுச்சேரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். தலித் பண்பாடு, அயோத்திதாசர் ஆய்வுகள், சிலுவைராஜ் சரித்திரம் என்று நமக்கு ஒரு நூலகத்தையே விட்டுவிட்டு 2024 நவம்பர் 13 அன்று மறைந்தார். அவருடைய இயற்பெயர் புஷ்பராஜ். ‘ராஜ்’ என்பதை வைத்துக்கொண்டு ‘கௌதமன்’ என்று புத்தரின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய தங்கை ஃபாஸ்டினா, ‘பாமா’ என்ற பெயரில் எழுதினார். இருவர் எழுதிய பெயர்களும் பெற்றோர் இட்டவை அல்ல, இருவரும் தாங்களே தேர்ந்துகொண்டவை. பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை இந்தக் குடும்பத்தின் கதையிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு பெயர் என்ன செய்யும்?

இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் ஒரு வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். 1997இல் விருதுநகரை மையமாகக் கொண்டு புதிதாக ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகம் உருவானது. அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அன்றைய அரசு சூட்டியது. கட்டபொம்மனின் படைத்தளபதி அவர். ஓட்டப்பிடாரத்தை அடுத்த கவர்னகிரிக்காரர். 1799இல் ஆங்கிலேயரின் வெடிமருந்துக் கிடங்கை அழித்துத் தானும் மாண்டார் என்று மக்கள் மரபு சொல்கிறது. தேவேந்திர குலத்தில் பிறந்தவர்.

அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். எதிர்ப்பு கலவரமானது. இந்த மாவட்டத்திலும் தென்மாவட்டங்களின் பிற பகுதிகளிலும் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. கடைசியில் அரசு, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை மொத்தமாக நீக்கியது. காமராசர் மாவட்டம் என்றிருந்த நம் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான்.

அதற்கு முன்பே திருநெல்வேலியில் கட்டபொம்மன் பெயரில் போக்குவரத்துக் கழகம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த பஸ்ஸில் எல்லோரும் ஏறினார்கள், இறங்கினார்கள். பாளையக்காரரின் பெயர் ஓடலாம், அவருடைய தளபதியின் பெயர் ஓடக் கூடாது. பஸ் அதே பஸ், டிக்கெட் அதே டிக்கெட், ரோடும் அதே ரோடு. மாறியது பலகையில் இருந்த எழுத்து மட்டும்தான்.

பெயர் என்பது வெறும் அடையாளக் குறி என்று நினைக்கிறவர்களுக்கு இந்த மண் கொடுத்த பாடம் இது. ஆகாயத்திலிருந்து வருகிறவருக்கு என்ன பெயர் வைப்போம் என்று கேட்டால், தரையில் இருக்கிறவரை என்ன பெயரால் அழைக்கிறோம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

‘வாசி’ என்ற ஒட்டு

முதலில் பொதுப்பெயரை எடுத்துக்கொள்வோம். ‘வேற்றுக்கிரகவாசி’ என்கிறோம். இந்த ‘வாசி’ என்ற ஒட்டு யார் யாருக்கு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஆதிவாசி, காட்டுவாசி, குடிசைவாசி, நடைபாதைவாசி. நகரவாசி என்றும் சொல்வதுண்டுதான். ஆனால் பெரும்பாலும் வசிக்கும் இடத்தைக் கொண்டே ஒரு மனிதக் கூட்டத்தை முழுவதுமாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைக்கும்போது இந்த ஒட்டு வருகிறது. எங்கே இருக்கிறாய் என்பது தெரிந்துவிட்டால் நீ யார் என்று கேட்க வேண்டியதில்லை.

நம் தெருக்களுக்கு நடந்ததும் இதுதான். ‘காலனி’ என்ற சொல்லுக்கு அகராதியில் குடியிருப்பு என்று பொருள். நகரத்தில் அது பேங்க் ஊழியர் காலனி, ஆசிரியர் காலனி. கிராமத்தில் ‘காலனிப் பையன்’ என்றால் அதன் பொருள் வேறு. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஊர், தெருப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை மாற்றவும் அரசாணை வந்தது. வரவேற்போம். சொல் போனபின் சொல்லின் பின்னால் இருக்கும் கோடும் போகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

தமிழில் இன்னொரு சொல் இருக்கிறது: அயல். அந்நியம் என்றும் பொருள், பக்கத்து வீடு என்றும் பொருள். யாழ்ப்பாணத்தில் அயலவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்தான். தூரமும் நெருக்கமும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. 2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’ படத்தின் தலைப்பு அந்த வகையில் நல்ல தேர்வு. இனி இந்த உரையில் நான் ‘அயலார்’ என்றே சொல்கிறேன். ‘ஆர்’ விகுதிக்கு என்ன வேலை என்று பின்னால் சொல்கிறேன்.

செல்லப் பெயர்களின் பட்டியல்

நம் திரையும் எழுத்தும் நட்பான அயலாருக்கு வைத்த பெயர்களை வரிசையாக அடுக்குவோம். ‘அயலான்’ படத்தில் வருபவருக்கு டாட்டூ என்று பெயர். அவரைக் காப்பாற்றும் மனிதனின் பெயர் தமிழ். 2003இல் வந்த ‘கோயி மில் கயா’ இந்திப் படத்தில் ஜாதூ. மந்திரம் என்று பொருள். வேற்றுக்கிரகத்தவர் அல்லாத, ஆனால் மனிதரும் அல்லாத நண்பர்களையும் சேர்த்தால், 2010இல் ‘எந்திரன்’ படத்தின் சிட்டி. அதற்கும் முன்னால் 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோ, இயந்திர நாய்.

எல்லாம் அழகான பெயர்கள். குழந்தைகளுக்குப் பிடித்தவை. எனக்கும் ஜீனோவைப் பிடிக்கும். ஆனால் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒரு விதி தென்படுகிறது. நட்பாக இருக்கும் அயலாருக்குச் சின்னப் பெயர், செல்லப் பெயர், இரண்டு மூன்று எழுத்துப் பெயர். ஜாதூ நமக்காகச் செய்யும் வித்தைதான் அவருடைய பெயராகிவிடுகிறது. பயன்பாட்டைச் சொல்லும் பெயர். அவர் தன் ஊரில் என்ன பெயரோடு வாழ்ந்தார், அவருடைய அம்மா அவரை எப்படிக் கூப்பிட்டார் என்று கதைக்குள் யாரும் கேட்பதில்லை. நட்பு என்று சொல்லிக்கொள்கிறோம், ஆனால் பெயர் வைப்பது வீட்டுக்காரர், பெயர் வாங்கிக்கொள்வது வந்தவர்.

1982இல் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘ஈ.டி.’ உலகப் புகழ் பெற்றது. அதில் வருபவருக்குப் பெயரே கிடையாது. ‘பூமிக்கு அப்பாற்பட்டது’ என்ற வகைப்பாட்டுச் சொல்லின் முதலெழுத்துகள்தான் ஈ.டி. கல்லூரி விடுதியில் இருந்த தோழர்களுக்கு இது புதிதாக இருக்காது. ‘அவன் எஸ்.சி.’ ‘அந்த ஸ்காலர்ஷிப் பொண்ணு’ ‘கோட்டா’ என்று வகையின் முதலெழுத்தே ஆளின் பெயராவதைப் பார்த்திருக்கிறோம். படத்தில் அந்தச் சிறுவன் அன்பாகத்தான் அழைக்கிறான். அன்பாக அழைத்தாலும் அது வகையின் பெயர்தான்.

இந்த விதி அறிவியல் புனைகதையில் பிறந்ததல்ல. மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்தில் பெயரிடும் முறை வகுக்கப்பட்டிருக்கிறது. பிராமணனுக்கு மங்கலம், சத்திரியனுக்கு வலிமை, வைசியனுக்குச் செல்வம், சூத்திரனுக்கு இழிவு தோன்றும் பெயர். அந்த நான்கிற்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. பிறகு ஊர் பேசியது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. நாயக்கர் வீட்டுச் சின்னப் பையன் வயதான பாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், பாட்டி அந்தப் பையனை ‘அய்யா’ என்பதும் அதில் பதிவாகியிருக்கின்றன. புதுப்பட்டியின் தெருவில் கேட்ட குரல் அது.

பெயர் வைத்தவர் எல்லோருமே எதிரிகள் என்று சொல்லவில்லை. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பாயி, பிச்சை என்று பெயர் வைக்கிற வழக்கம் பல சாதிகளிலும் உண்டு. சாவுக்கு இந்தப் பிள்ளை மேல் ஆசை வரக் கூடாது என்ற தாயின் தந்திரம் அது. ஒரே பெயரை ஒருத்தி காப்பாக வைத்தாள், ஊர் அதையே வசையாகச் சொன்னது. ஆகவே ஒரு பெயரைத் தனியாக எடுத்து நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது. யார் வைத்தார், யார் கூப்பிடுகிறார், எந்தத் தொனியில் என்று சேர்த்தே பார்க்க வேண்டும்.

வேறு விதமாக எழுதியவர்கள்

எல்லோரும் இப்படியே எழுதவில்லை. சத்யஜித் ராய் 1962இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் ‘பங்குபாபுவின் நண்பன்’ என்ற கதையை எழுதினார். பங்குபாபு கிராமத்துப் பள்ளி ஆசிரியர். பரம சாது. ஊர்ப் பெரிய மனிதர் வீட்டு அரட்டையில் தினமும் அவரைக் கேலி செய்து சிரிப்பார்கள். ஒரு மாலை மூங்கில் காட்டில் ஓர் அயலாரைச் சந்திக்கிறார். வந்தவர் தானே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்: பெயர் ஆங், கிரகத்தின் பெயர் கிரேனியஸ். இவ்வளவு அடங்கிப் போகக் கூடாது என்று பங்குபாபுவுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்து அரட்டைக்குப் போகும் பங்குபாபு, தன்னைக் கேலி செய்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பதில் கொடுத்துவிட்டு வெளியே வருகிறார்.

இந்தக் கதையில் பெயர் வைக்கும் காட்சி கிடையாது. பெயர் சொல்லும் காட்சி இருக்கிறது. ‘ஆங்’ என்பதும் இரண்டெழுத்துப் பெயர்தான். ஆனால் அது அவருடைய சொந்தப் பெயர். தன் பெயரைத் தானே சொன்னவரோடு நடந்த உரையாடல், ஊர் வைத்த கேலிகளைச் சுமந்தவரை நிமிர வைக்கிறது. நீளமா சுருக்கமா என்பதைவிட, யார் வாயிலிருந்து முதலில் வருகிறது என்பதே முக்கியம்.

1951இல் வந்த ‘பூமி அசையாது நின்ற நாள்’ என்ற அமெரிக்கப் படத்தில் கிளாட்டூ என்ற அயலார், ராணுவத்திடமிருந்து தப்பி நகரத்தில் ஒரு விடுதியில் தங்க வேண்டியிருக்கிறது. அணிந்திருக்கும் சட்டையின் சலவைச் சீட்டில் இருந்த ‘கார்ப்பென்டர்’ என்ற பெயரைத் தன் பெயராகச் சொல்லிக்கொள்கிறார். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்குப் பரோடா நினைவுக்கு வரும். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பரோடா சமஸ்தான வேலைக்குப் போனபோது தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் ஒரு பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். கண்டுபிடித்தார்கள். தடிகளோடு வந்து நின்றார்கள். வெளியேற வேண்டியதாயிற்று. அவரே எழுதியிருக்கிறார். கிளாட்டூவுக்கு அது கற்பனை. வாடகைக்கு வீடு தேடும் நம் பிள்ளைகளுக்கு இன்றும் நடைமுறை. சாதி தெரியாத பெயர் கொஞ்ச காலத்துக்குக் கூரையாகும்.

2014இல் வந்த ‘பி.கே.’ இந்திப் படத்தில் அயலாருக்குப் பெயர் எப்படி வந்தது? அவர் கேட்கும் கேள்விகளைக் கேட்டவர்களெல்லாம் ‘குடித்திருக்கிறாயா?’ என்று இந்தியில் கேட்கிறார்கள். அந்த ‘பீ கே’தான் பெயராகிவிட்டது. வசையையே பெயராக ஏற்றுக்கொள்கிறார். இந்த உத்தி நமக்குப் பழையது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய பத்திரிகையின் பெயர் ‘பறையன்’. எந்தச் சொல்லால் தலை குனிய வைத்தார்களோ அந்தச் சொல்லை முகப்பில் அச்சடித்து விற்றார். அதே காலத்தில் அயோத்திதாசர் எதிர்த்திசையில் நடந்தார். காத்தவராயன் என்பது அவருடைய இயற்பெயர். தன் ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். மக்களுக்கும் இழிபெயர் வேண்டாம், நாம் பூர்வத் தமிழர், பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகை ‘ஒரு பைசாத் தமிழன்’. வசையை வாங்கித் திருப்பி வீசுவது ஒரு வழி, வசையைத் தொடாமல் புதுப்பெயர் சூடுவது இன்னொரு வழி. நம் இயக்கம் இரண்டிலும் நடந்திருக்கிறது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 1984இல் ஜான் சேல்ஸ் எடுத்த ‘வேறு கிரகத்திலிருந்து வந்த சகோதரன்’ என்ற படத்தில் அயலார் கறுப்பு மனிதரின் தோற்றத்தில் இருக்கிறார். அடிமைத்தனத்திலிருந்து தப்பி நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்து சேர்கிறார். பேச்சு வராது. பெயர் தெரியாது. அங்கிருக்கும் கறுப்பின மக்கள் அவரைச் சகோதரன் என்கிறார்கள். பெயருக்குப் பதிலாக உறவு. நம் பகுதியில் அண்ணாச்சி, மாமா, மச்சான், சித்தப்பா என்று சாதி தாண்டியும் முறை சொல்லி அழைக்கும் வழக்கம் இருக்கிறது. ஆனால் அந்த முறை எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். கதையில் ஓர் அயலாரை நம் தெருப் பிள்ளைகள் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டால், ஊர் அவரை எப்படிக் கூப்பிடும்? ஒரு முழு நாவலுக்கு இது போதும்.

இரண்டெழுத்து உலகம்

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் பெயர் பற்றிய சட்டமே வருகிறது. எதிர்கால அரசாங்கம் எல்லோருடைய பெயரையும் இரண்டு எழுத்தாகச் சுருக்கிவிடுகிறது. நிலா, சிபி, ரவி, மனோ. பெயரோடு எண்ணும் உண்டு. தனிமனிதரை அரசு விழுங்குவதற்கு அடையாளமாகத்தான் கதையில் அது வருகிறது. வாசகரும் அப்படித்தான் அஞ்சினார்கள்.

தலித் வாசகர் இதை எப்படிப் படிப்பார்? பட்டங்களும் குலப்பெயர்களும் உள்ளவர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர் ஓர் இழப்பு. பெயரைச் சொன்னதுமே சாதியும் மதமும் தெரிந்துவிடும் என்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு வருகைப் பதிவில் கை தூக்கிய பிள்ளைக்கு, ‘நிலா’ என்ற பெயரில் ஒரு நிம்மதியும் இருக்கும். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் போட்டதும் இந்த நிம்மதிக்காகத்தான். அதனால்தான் தமிழ்நாட்டில் நம் பெயருக்குப் பின்னால் வால் இல்லை. முன்னால் இனிஷியல் இருக்கிறது.

அப்படியானால் அந்த அரசாங்கம் நல்லதா? இல்லை. எண் கொடுத்துப் பெயர் பறிக்கிற அரசு நமக்கு விடுதலை தராது. மேலும் இங்கே பெயரில் சாதி தெரியாவிட்டால் கேள்வி நிற்பதில்லை. ‘தம்பி எந்த ஊரு?’ பிறகு, ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ பிறகு, ‘யாரு மகன்?’ மூன்று கேள்வியில் முடித்துவிடுவார்கள். அம்பேத்கர் ‘இந்துக்களிடமிருந்து விலகி’ என்ற கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொல்கிறார். பெயரில் நிறைய இருக்கிறது, தீண்டத்தகாதவர் என்ற பெயரே ஒரு விலக்கு என்கிறார். அதே சமயம் ஆதிதிராவிடர், அரிசனர் என்று அதே அமைப்புக்குள் இருந்தபடி பெயரை மட்டும் மாற்றினால் பழைய கேள்விகள் துரத்திப் பிடித்துவிடும் என்றும் சொல்கிறார். பெயரோடு உறவும் மாற வேண்டும்.

பெயரும் சான்றிதழும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு ராஜ் கௌதமன் ஒரு நாவலே எழுதினார். ‘சிலுவைராஜ்’ என்ற பெயரைக் கேட்டதுமே மதம் தெரிந்துவிடும். 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவ தலித்துகள் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால் எத்தனையோ வீடுகளில் கோயில் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர். பூமிக்கு வந்த அயலார் முகம் மறைத்து இரண்டு வாழ்க்கை வாழ்வதாக எழுதும் கதைகளைப் படித்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் சொல்லும் கதை

இந்த ஊரின் பெயர்க் கதையையும் சொல்ல வேண்டும். வில்லி, கண்டன் என்று இரண்டு வேடர் சகோதரர்கள். காட்டில் கண்டனைப் புலி கொன்றது. வில்லி காடு திருத்தி ஊர் உண்டாக்கினான். அவன் பெயரால் ஊர் வில்லிபுத்தூர் ஆனது. கோயில் தலபுராணமே இப்படித்தான் சொல்கிறது. ஒரு வேடனின் பெயர், ‘ஸ்ரீ’யை முன்னால் சூட்டிக்கொண்டு இன்றும் பஸ் பலகையில் ஓடுகிறது. கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்களும் பால்கோவா வாங்க வருகிறவர்களும் அவன் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். அது யார் பெயர் என்று கேட்பவர் குறைவு. வரலாற்றில் நம் பெயர் அழிவது ஒரு விதம். பெயர் நிற்க, பெயருக்கு உரியவர் மறைவது இன்னொரு விதம்.

அதே ஊரில் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த குழந்தையின் கதையும் இருக்கிறது. எங்கிருந்து வந்தவள் என்று தெரியாது. எடுத்தவர் கோதை என்று பெயரிட்டார். அவள் வளர்ந்து பாடியபின் ஆண்டாள் ஆனாள். ஆண்டவள் என்று பொருள். வந்தவளுக்கு முதல் பெயரைக் கண்டெடுத்தவர் வைத்தார். இரண்டாம் பெயரை அவள் தன் செயலால் ஈட்டிக்கொண்டாள். அயலார் கதை எழுதுகிறவர்களுக்கு இந்த இரண்டு படி முறை பயன்படும். முதல் நாள் பெயர் கடைசி அத்தியாயம் வரை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெயரும் வினைமுற்றும்

தமிழில் பெயரோடு வேலை முடிவதில்லை. ஆங்கிலத்தில் ‘கேம்’ என்று ஒரு வினையைப் போட்டால் போதும். தமிழில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் தீர்ப்பு எழுத வேண்டும். தொல்காப்பியம் உயர்திணையை மக்கள் என்று கருதப்படுவோருக்கு உரியதாக வைத்தது. அயலார் மக்களா? ‘ஆங் வந்தது’ என்று எழுதினால் அஃறிணை. ‘ஆங் வந்தான்’ என்றால் ஆண், அதுவும் மரியாதை இல்லாத ஆண். ‘ஆங் வந்தார்’ என்றால்தான் சமமாக உட்கார வைக்கிறோம்.

மூப்பனுக்கும் முதலாளியின் குழந்தைக்கும் இடையில் ‘வாடா’வும் ‘வாங்கய்யா’வும் எந்தத் திசையில் போயின என்று பார்த்த சமூகம் நாம். விகுதியில் இருப்பது இலக்கணம் மட்டும் இல்லை. எவ்வளவு அழகான பெயரை வைத்தாலும் வினைமுற்று ‘அது’ என்று சொல்லிவிட்டால் அந்த அழகு வீண். தொடக்கத்தில் ‘அயலார்’ என்று நான் எடுத்துக்கொண்டது இதற்காகத்தான். நாயகன் முதல் பக்கத்தில் ‘வந்தது’ என்று சொல்லி, பத்தாம் பக்கத்தில் ‘வந்தார்’ என்று சொல்லத் தொடங்கினால், நட்பு எங்கே பிறந்தது என்பதை வாசகர் தாமே கண்டுகொள்வார். இந்த வசதி ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடையாது.

எழுதப் போகிறவர்களுக்கு

மாணவத் தோழர்கள் எழுதிக் காட்டும் கதைகளில் அயலாருக்கு ‘ஸோர்க்’, ‘ஸைரான்’ போன்ற பெயர்களைப் பார்க்கிறேன். ஹாலிவுட்டிலிருந்து வந்த ஓசை அது. அதைக் கைவிட்டால் உடனே ‘ஆகாஷ்’, ‘திவ்யன்’ என்று சமஸ்கிருதத்துக்குப் போகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

ஒன்று, அயலாரைப் பெயர் கேளுங்கள். கதையில் அந்தக் கேள்விக்கு ஒரு காட்சி கொடுங்கள். சொன்ன பெயர் வாயில் நுழையவில்லை என்றால் நாயகன் பழகட்டும், தடுமாறட்டும், திருத்திக்கொள்ளட்டும். ‘உன் பேரு வாயில நுழையல, இனிமே நீ ராமு’ என்று தோட்டத்திலும் வீட்டு வேலையிலும் எத்தனை பேரின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். நம் கதையில் அது நடக்கக் கூடாது. நடந்தால் அது தவறு என்று கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு, கெட்டவருக்கு வைக்கும் பெயரைச் சோதியுங்கள். பேய்ப் படங்களில் முனி, காட்டேரி என்று நாம் கும்பிடுகிற தெய்வங்களின் பெயரைப் பயமுறுத்தப் பயன்படுத்துகிறார்கள். வல்லோசை, கருமை, காடு ஆகியவை கெட்டவருக்கும், மெல்லோசை, வெண்மை, ஒளி ஆகியவை நல்லவருக்கும் போனால், அந்த விண்கலம் அக்கிரகாரத்திலிருந்துதான் கிளம்பியிருக்கிறது.

மூன்று, பெயர் ஒலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாசனையாக, ஒளியாக, தாளமாக இருக்கலாம். ஓர் அயலாரின் பெயர் ஒரு தாளம், அதைப் பறையில் மட்டும்தான் சரியாக அடிக்க முடியும் என்று ஒரு கதை எழுதலாமே என்று நினைத்திருக்கிறேன். ஊர் ஒதுக்கிய கருவிதான் அவரைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரே வழி. ஆனால் இதற்கு மறுப்பும் நம்மிடமே உண்டு. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கிப்போட்டு அடிபட்டவர்களும் நம் மூத்தவர்கள். அவர்களுடைய பேரன் அந்தக் கதையில் குச்சியைக் கையில் எடுப்பானா? அந்தத் தயக்கத்தையும் சேர்த்து எழுதினால்தான் கதை உண்மையாகும்.

நான்கு, அயலாரும் நமக்குப் பெயர் வைப்பார்கள். ஆக்டேவியா பட்லர் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் 1987இல் எழுதிய ‘டான்’ நாவலில் ஊவான்காளி என்ற அயலாருக்கு நீண்ட பெயர்கள். யாருடைய பிள்ளை, எந்தக் குடும்பம், எந்தக் குழு என்பதெல்லாம் பெயருக்குள் இருக்கும். அவர்கள் மனிதர்களைக் காப்பாற்றுகிறார்கள், அதே நேரம் ஆளவும் செய்கிறார்கள். உதவுகிறவர் எல்லோரும் சமமானவர் அல்லர் என்பதை அந்த நாவல் காட்டுகிறது. ‘அரிசன்’ என்று அன்பாகப் பெயர் வைத்தவரிடம் அம்பேத்கர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

ஐந்து, அயலாரை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறக்குங்கள். நியூயார்க் வேண்டாம். டீக்கடையில் ‘எந்த ஊரு?’ என்று கேட்கட்டும். ‘கிரேனியஸ்’ என்று அவர் சொல்லட்டும். ‘அதுல எந்தத் தெரு?’ என்ற அடுத்த கேள்விக்கு அவர் என்ன சொல்வார் என்று எழுதுங்கள். அவருக்கு எந்த டம்ளரில் டீ வரும் என்றும் எழுதுங்கள்.

இதெல்லாம் வெறும் கற்பனை என்று யாராவது சொன்னால் ஒரு தகவல் சொல்லுங்கள். வேற்றுச் சூரியன்களுக்கும் கோள்களுக்கும் உண்மையாகவே பெயர் வைக்கிறார்கள். சர்வதேச வானியல் ஒன்றியம் 2019இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனைக் கொடுத்துப் பெயர் கேட்டது. இந்தியாவுக்கு வந்தது எச்.டி. 86081 என்ற எண்ணோடு இருந்த விண்மீன். மாணவர்கள் முன்மொழிந்த பெயர்களே தேர்வாயின. விண்மீனுக்குப் பிபா, அதன் கோளுக்குச் சாந்தமஸா. காஸ்மிக் கதிர் ஆய்வில் முன்னோடியாக இருந்தும் உரிய மரியாதை கிடைக்காத பிபா சௌத்ரி என்ற பெண் விஞ்ஞானியின் பெயர் இப்போது ஒரு சூரியனுக்கு இருக்கிறது. அடுத்த முறை கேட்கும்போது இந்த மாவட்டத்துப் பிள்ளைகளும் பெயர் அனுப்ப வேண்டும். பஸ்ஸில் எழுத விடாத பெயரை அனுப்புங்கள் என்றுகூடச் சொல்வேன்.

தோழர்களே, அறிவியல் புனைகதையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கலாம் என்கிறார்கள். புதுக் கோள், புது உயிர், புது மொழி. ஆனால் பேனாவைப் பிடித்திருக்கும் கை பழைய ஊரிலிருந்து வருகிறது. அந்தக் கை பெயர் வைக்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். எழுதும்போது அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ராஜ் கௌதமன் தமிழ் இலக்கியத்தை இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னோக்கிப் போய், யார் யாருக்கு என்ன பெயர் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று கேட்டார். நீங்கள் அதே கேள்வியை முன்னோக்கி எடுத்துப் போங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு கதை கொண்டு வாருங்கள். வாசிப்போம், சண்டை போடுவோம்.